போர்ட்டல் ஏன் அசையவில்லை? அமெரிக்க பிஎச்.டி. சேர்க்கையின் பின்னாலிருக்கும் பணக்கணக்கு

டிசம்பர் 15-ஆம் தேதிக்குள் விண்ணப்பம் போட்டாயிற்று. பிப்ரவரி நடுவில் அதே துறையில் வேறொருவருக்கு அட்மிட் வந்துவிட்டது. நமக்கு மட்டும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளத்தில் (போர்ட்டலில்) ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரி அப்படியே நிற்கிறது. மார்ச் போய் ஏப்ரலும் பிறக்கிறது. இது ரிஜெக்டா, வெயிட்லிஸ்டா, ஃபைல் எங்காவது மாட்டிக்கொண்டதா?

இந்த மௌனத்தைத் தங்கள் தகுதிக்கான மார்க்காக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. பல்கலைக்கழகத் தேர்வு முடிவு மாதிரி ஒரே நாளில் வெளியாகும் பட்டியல் இங்கே கிடையாது. அமெரிக்கத் துறை ஒன்று ஒருவரைப் பிஎச்.டி.க்குச் சேர்க்கிறது என்றால், ஐந்தாறு வருடம் அவருக்குச் சம்பளம் போட ஒப்புக்கொள்கிறது என்று பொருள். ஆகவே தாமதத்தின் பெரும்பகுதி மதிப்பெண் பட்டியலில் இல்லை. துறையின் கணக்குப் புத்தகத்திலும், ஏற்கெனவே ஆஃபர் வாங்கிய மற்றவர்கள் பதில் சொல்லாமல் வைத்திருக்கும் மின்னஞ்சல்களிலும் இருக்கிறது.

முடிவு யார் கையில்?

மூன்று இடங்களில் ‘சரி’ விழவேண்டும்.

1. துறையின் சேர்க்கைக் குழு. சில பேராசிரியர்கள் விண்ணப்பங்களைப் பங்கிட்டுப் படிப்பார்கள். டெட்லைன் டிசம்பரில் முடிந்தாலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை குறுக்கே வருவதால் உண்மையான வாசிப்பு பெரும்பாலும் ஜனவரியில்தான் தொடங்கும்.

2. பேராசிரியர். பொறியியல் துறைகள் பலவற்றில், ‘இவர் என் ஆய்வகத்துக்கு வரட்டும், சம்பளம் என் பொறுப்பு’ என்று ஒருவர் முன்வந்தால்தான் ஆஃபர் நகரும். உயிரியல் துறைகளில் முறை வேறு. முதல் ஆண்டுச் சம்பளத்தை படிப்புத் திட்டமே கொடுக்கும். மாணவர் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்துவிட்டு (இதற்கு ரொட்டேஷன் என்று பெயர்) பிறகு வழிகாட்டியைத் தேர்ந்துகொள்வார். அதனால்தான் உயிரியலில் ஜனவரி, பிப்ரவரியிலேயே இன்டர்வியூ முடிந்துவிடுகிறது. பொறியியலில் ஒரு பேராசிரியரின் கிராண்ட் (ஆய்வுக்கு வெளியிலிருந்து வரும் நிதி) உறுதியாகும் வரை இழுக்கிறது.

3. கிராஜுவேட் ஸ்கூல். பல்கலைக்கழகம் முழுமைக்குமான மேல்படிப்பு அலுவலகம் இது. துறை சிபாரிசு செய்த பிறகு மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், குறைந்தபட்சத் தகுதி ஆகியவற்றைச் சரிபார்த்து அதிகாரப்பூர்வக் கடிதத்தை வெளியிடுவது இவர்கள்தான். பேராசிரியர் ‘உங்களை சிபாரிசு செய்திருக்கிறோம்’ என்று எழுதியது நல்ல செய்தி. ஆனால் அது இன்னும் அட்மிட் ஆகவில்லை.

இந்த மூன்றாவது இடத்தில் தமிழ் விண்ணப்பதாரர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு முடிச்சு உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘செந்தில்குமார் ஆர்’. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சர்நேம் கட்டத்தில் ஏறி ‘செந்தில்குமார் ராமசாமி’. டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்தபோது முன்பின் மாறி ‘ராமசாமி செந்தில்குமார்’. ஆள் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் வந்து சேர்ந்திருந்தும் விண்ணப்பத்தோடு ஒட்டாமல் அனாதையாகக் கிடக்கும். போர்ட்டலில் ‘மதிப்பெண் பெறப்படவில்லை’ என்று காட்டும். முழுமையடையாத ஃபைலைக் குழுவுக்கு அனுப்பாத துறைகள் உண்டு. ஆகவே போர்ட்டலில் முடிவு வரியைப் பார்ப்பதற்கு முன் ஆவணப் பட்டியலைப் பார்க்கவேண்டும். ஏதாவது ஒன்றில் ‘பெறப்படவில்லை’ என்றிருந்தால் அன்றைக்கே பாஸ்போர்ட் நகலோடு அலுவலகத்துக்கு எழுதுவது நல்லது. காத்திருப்பில் விண்ணப்பதாரரே சரிசெய்யக்கூடிய தாமதம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

‘ஃபண்டிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பணப்பைகள் இருக்கின்றன.

1. டி.ஏ. எனப்படும் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப். இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது. பணம் துறையின் கற்பித்தல் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. கணிதம், வேதியியல், மொழித்துறைகள் பெரிதும் இதை நம்பியவை. எத்தனை இளநிலை மாணவர்கள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து டி.ஏ. இடங்கள் கூடும், குறையும்.

2. ஆர்.ஏ. எனப்படும் ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப். பேராசிரியரின் கிராண்ட்டிலிருந்து வருவது. என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை), என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்), எரிசக்தித் துறை, ராணுவ ஆய்வு அமைப்புகள் போன்றவை கொடுக்கும் பணம். கிராண்ட் முடிந்தால் இந்தச் சம்பளமும் முடியும்.

3. ஃபெலோஷிப். வேலை எதுவும் கேட்காமல் கொடுப்பது. பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்தோ வெளி அமைப்பிடமிருந்தோ வரும். பல்கலைக்கழக ஃபெலோஷிப்புக்குத் துறைகள் தங்கள் முன்னணி விண்ணப்பதாரர்களின் பெயரைச் சீக்கிரமே அனுப்பிவைக்க வேண்டியிருப்பதால், முதல் அட்மிட்கள் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போகும்.

ஒரு மாணவருக்கு எவ்வளவு ஆகும்? ஆர்.ஏ. ஒருவரை எடுத்துக்கொண்டு உத்தேச எண்களோடு போட்டுப் பார்ப்போம். ஸ்டைபெண்ட் (மாணவர் கைக்கு வரும் தொகை) 35,000 டாலர், மருத்துவக் காப்பீடு 4,000 டாலர், ஆக 39,000. இதன்மேல் பல்கலைக்கழகம் ‘மறைமுகச் செலவு’ என்று ஒன்றை வசூலிக்கும். கட்டடம், மின்சாரம், நூலகம், கணக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து கிராண்ட்டில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 21,450. ட்யூஷன் கட்டணத்துக்கு மறைமுகச் செலவு பொதுவாகச் சேராது. அது தனியாக 20,000 என்போம். மொத்தம் வருடத்துக்கு 80,450 டாலர். மாணவர் கையில் வருவது 35,000, பேராசிரியர் கிராண்ட்டிலிருந்து போவது 80,000-க்கு மேல். ஐந்து வருடத்துக்கு 4 லட்சம் டாலர். ‘நல்ல ப்ரொஃபைல், ஒரு சீட் கொடுத்தால் என்ன?’ என்ற கேள்விக்கு இந்த எண்தான் பதில்.

அலை அலையாக ஏன் வருகிறது?

ஒரு துறையில் இந்த ஆண்டு 12 பேருக்குப் பணம் இருக்கிறது. கடந்த ஆண்டுகளில் 100 பேருக்கு ஆஃபர் கொடுத்தால் 40 பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். (இந்த விகிதத்தை ஈல்டு என்பார்கள்.) நேர்க்கணக்கில் 30 ஆஃபர் கொடுக்கலாம். ஆனால் இந்த முறை 40-க்குப் பதில் 60 சதவீதம் பேர் ‘சரி’ என்றுவிட்டால் 18 பேர் வந்து நிற்பார்கள். ஆறு பேர் அதிகம். அவர்களுக்கும் ஐந்து வருடம் சம்பளம் போட்டாக வேண்டும். இதில் கையைச் சுட்டுக்கொண்ட துறைகள் அடுத்த வருடம் 30-க்குப் பதில் 20 ஆஃபரோடு நிறுத்திக்கொண்டு, மறுப்புகள் வர வர ஒவ்வொன்றாக விடும். அதுதான் இரண்டாம் அலை, மூன்றாம் அலை.

காலவரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1. ஜனவரி பின்பாதி முதல் பிப்ரவரி நடு வரை: முதல் அலை, இன்டர்வியூ அழைப்புகள்.
2. பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடு வரை: அட்மிட் வாங்கியவர்களைத் துறைக்கு அழைத்துக் காட்டும் நாட்கள். நமக்கு இது ஜூமில் நடக்கும். அவர்கள் ஊர் திரும்பி யோசிக்கும் வரை துறைக்கு எந்தப் பதிலும் வராது. மார்ச்சில் ஒரு வாரம் வசந்தகால விடுமுறை வேறு. மௌனம் மிக நீளமாகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான்.
3. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் 15 வரை: மறுப்புகள் வரத் தொடங்கும், வெயிட்லிஸ்ட் நகரும். கடைசி 48 மணி நேரத்தில் நகர்வு உச்சத்துக்குப் போகும்.

வெயிட்லிஸ்ட் என்றதும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று நினைத்துக்கொள்கிறோம். பல துறைகளில் அப்படி வரிசையே இல்லை. கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆஃபர் வாங்கியவர் மறுத்தால் அந்தப் பிரிவில் காத்திருப்பவருக்குத்தான் அழைப்பு போகும். வானியலில் காத்திருப்பவர் எவ்வளவு மேலே இருந்தாலும் அது அவருக்கு நகர்வு ஆகாது. ‘நான் எத்தனையாவது?’ என்று கேட்டால் துறை பதில் சொல்ல முடியாமல் விழிப்பதற்கு இதுவே காரணம். ‘என் பிரிவில் இன்னும் இடம் திறக்க வாய்ப்பிருக்கிறதா?’ என்று கேட்டால் பதில் கிடைக்கக்கூடும்.

வெளிநாட்டு மாணவருக்கு இடம் ஏன் இன்னும் குறுகல்?

இதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு. விண்ணப்பம் ஒன்றேதான் என்றாலும், அதற்குப் பின்னாலிருக்கும் பணப்பைகளில் சில நமக்குத் திறக்காதவை. என்.ஐ.எச். கொடுக்கும் டி32 பயிற்சி கிராண்ட் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டுமே. உயிரியல் துறை முதல் ஆண்டு மாணவர்களுக்கு அதை நம்பியிருந்தால், வெளிநாட்டவருக்கான இடங்களை வேறு பணத்தில் தேடவேண்டும். அது சில இடங்களுக்கே போதும். என்.எஸ்.எஃப். வழங்கும் புகழ்பெற்ற ஜி.ஆர்.எஃப்.பி. ஃபெலோஷிப்புக்கும் இதே விதி.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு கணக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் அந்த மாநிலத்தவர் அல்லாத பிஎச்.டி. மாணவருக்கு வருடத்துக்கு 15,102 டாலர் கூடுதல் ட்யூஷன் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வரும் அமெரிக்கர் ஓராண்டில் கலிஃபோர்னியாவாசி ஆகிவிடலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் ஆகமுடியாது. ஆய்வேட்டுக் கட்டத்துக்குத் தகுதி பெறும் வரை இந்தக் கூடுதல் தொகையைத் துறையோ பேராசிரியரோ கட்டவேண்டும். ஆகவே சம தகுதியுள்ள இருவரில் ஒருவர் துறைக்கு அதிகம் செலவாகிறார். அதற்காக இங்கெல்லாம் விண்ணப்பிக்கக் கூடாது என்றில்லை. ஆனால் ‘அவனைவிட என் மார்க் அதிகம்’ என்ற ஒப்பீடு இங்கே செல்லாது.

2025-இல் கலைந்த கணக்கு

காத்திருப்பு எப்போதும் இருந்ததுதான். 2025 தொடக்கத்திலிருந்து அதன் தன்மை மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, கிராண்ட்களில் மறைமுகச் செலவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று என்.ஐ.எச். அறிவித்தது. மேலே போட்ட கணக்கில் 55-க்குப் பதில் 15 சதவீதம் வைத்துப் பாருங்கள்: 21,450 டாலர் 5,850 ஆகிறது. மாணவரின் சம்பளத்தில் ஒரு டாலரும் குறையவில்லை. ஆனால் ஒரு மாணவருக்கு 15,600 டாலர் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுகிறது. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களுக்கு இதைப் பெருக்கினால் எங்கே போய் நிற்கும் என்று நிர்வாகங்களுக்குத் தெரியும். நீதிமன்றம் அந்த வரம்பைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் ஆஃபர் கொடுக்கும் பருவத்தின் நட்டநடுவில் அறிவிப்பு வந்ததால், தீர்ப்புக்குக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பிஎச்.டி. ஆஃபர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, உயிர்மருத்துவப் பிஎச்.டி.க்குக் கொடுத்திருந்த ஆஃபர்களையே மார்ச்சில் திரும்பப் பெற்றது.

ஏப்ரலில் ஜி.ஆர்.எஃப்.பி. முடிவு வந்தபோது வழக்கமான சுமார் 2,000 இடங்களுக்குப் பதில் 1,000 பேரின் பெயரே இருந்தது. ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தார்கள். நமக்கு அந்த ஃபெலோஷிப் கிடையாதே, நமக்கென்ன என்று தோன்றலாம். அந்தப் பணத்தோடு வந்திருக்கவேண்டிய அமெரிக்க மாணவர் இப்போது ஆர்.ஏ. அல்லது டி.ஏ. கேட்டு நிற்பார். வெளிநாட்டவர் போட்டியிடக்கூடிய பணப்பையிலிருந்துதான் அது போகும்.

மொழி, இலக்கியம், தத்துவம் போன்ற மனிதவியல் துறைகளும் தப்பவில்லை. 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகம் 2026–27-க்கு கலை, மனிதவியல் பிரிவின் பல துறைகளில் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைப்பதாகவோ நிறுத்துவதாகவோ அறிவித்தது. இந்தச் சூழலில் துறைகள் முதல் அலையைச் சிறிதாக்கி, வெயிட்லிஸ்டை நீளமாக்கி வைத்துக்கொள்வது இயல்பு. ஆஃபர் குறைவு, மௌனம் அதிகம்.

ஏப்ரல் 15 என்பது என்ன?

அமெரிக்கக் கிராஜுவேட் ஸ்கூல்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் கொண்டுவந்த தீர்மானம் இது. நிதியுதவியோடு கூடிய ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கட்டாயமில்லை. அதற்கு முந்தைய கெடு வைப்பது தீர்மானத்தின் நோக்கத்துக்கு விரோதம். இது சட்டம் இல்லை, கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். யார் யார் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கூட்டமைப்பின் தளத்திலேயே பார்க்கலாம்.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை:

1. பணமில்லாத ஆஃபரை இது காக்காது. எம்.எஸ். சேர்க்கை பெரும்பாலும் சொந்தக் காசில்தான். அங்கே ‘மார்ச் 20-க்குள் டெபாசிட் கட்டு’ என்றால் அதுதான் கெடு. ஏப்ரல் 15-ஐக் காட்டி வாதாட முடியாது.
2. பிரிட்டன், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை இது கட்டுப்படுத்தாது. அங்கே இரண்டு வாரத்தில் பதில் கேட்பது சாதாரணம்.
3. ஒரு இடத்துக்கு ‘சரி’ என்று எழுதிவிட்டு மனம் மாறினால், முதல் இடத்துக்கு எழுத்துமூலம் விலகலைத் தெரிவித்த பிறகுதான் அடுத்ததை ஏற்கவேண்டும். இரண்டு இடத்திலும் ‘சரி’ சொல்லிவைத்து விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பிடிபடும். அதுவும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிறிய ஆய்வுப் பிரிவுகளில்.
4. ஏப்ரல் 15 நள்ளிரவு என்பது அவர்கள் ஊர் நள்ளிரவு. நியூயார்க் நேரம் இரவு 11:59 என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை 9:29. கலிஃபோர்னியா என்றால் பகல் 12:29. ஆனால் சில துறைகள் மாலை 5 மணி என்று வைத்திருக்கும், கடிதத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நேரம் என்றதும் ஒரு சின்ன விஷயம். அமெரிக்கக் கிழக்குக் கரையின் அலுவலக நேரம் குளிர்காலத்தில் நமக்கு மாலை 7:30 முதல் விடியற்காலை 3:30 வரை. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கும். பகல் முழுக்க போர்ட்டலைத் திறந்து திறந்து மூடுவதில் பிரயோசனம் இல்லை, அங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

போர்ட்டல் வரியையும் மௌனத்தையும் எப்படிப் படிப்பது?

‘பரிசீலனையில்’ என்ற வரி மார்ச் நடுவரை எதையும் சொல்வதில்லை. ரிஜெக்ட்களை ஒரே நாளில் மொத்தமாக அனுப்பும் துறையில், மற்றவர்களுக்கு ரிஜெக்ட் வந்தும் நமக்கு வரவில்லை என்றால் அறிவிக்கப்படாத வெயிட்லிஸ்டில் இருக்க வாய்ப்புண்டு. எல்லோருக்கும் மௌனம் என்றால் ஒன்றும் ஊகிக்க முடியாது. பிஎச்.டி.க்குக் கேட்டவருக்கு எம்.எஸ். இடம் வருவதும் உண்டு. அது ‘பாதி அட்மிட்’ ஆகாது, பணம் இல்லாத வேறொரு படிப்பு. இரண்டு வருடக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டே அதைப் பற்றி யோசிக்கவேண்டும். ‘அட்மிட், ஃபண்டிங் பிறகு தெரிவிக்கப்படும்’ என்பதும் அப்படித்தான்: ஃபண்டிங் எழுத்தில் வரும் வரை அதைப் பணமில்லாத ஆஃபராகவே கணக்கில் வைக்கவேண்டும்.

ஆஃபர் கடிதத்தில் தேடவேண்டிய வரிகள்

வாழ்த்துச் சொல்லும் முதல் பத்தியைத் தாண்டி, பணம் பேசும் பத்திக்குப் போகவேண்டும்.

1. ‘உறுதியளிக்கிறோம்’ என்கிறதா, ‘எதிர்பார்க்கிறோம்’ என்கிறதா? ‘ஐந்தாண்டு உதவி உறுதி, படிப்பில் திருப்திகரமான முன்னேற்றம் இருக்கும்பட்சத்தில்’ என்பது வலுவானது. ‘முதலாண்டு டி.ஏ.; அடுத்த ஆண்டுகள் நிதி கிடைப்பதைப் பொறுத்து’ என்றால் கையில் இருப்பது ஓராண்டு வாக்குறுதி.
2. ஒன்பது மாதமா, பன்னிரண்டு மாதமா? கோடையில் என்ன? எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே நினைத்தபடி வேலைக்குப் போகமுடியாது. செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள்ளும் வாரம் 20 மணி நேரமே. டி.ஏ., ஆர்.ஏ. வேலையே பெரும்பாலும் அந்த 20 மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆக, குறைகிற பணத்தை வேறு எங்கும் ஈட்ட வழியில்லை.
3. ட்யூஷன் விலக்கு முழுமையா? ‘ஃபீஸ்’ என்று தனியே வரும் கட்டணங்கள் அதில் சேருமா?
4. மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள்?
5. டி.ஏ. என்றால் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நிபந்தனை உண்டா? சேர்க்கைக்குப் போதுமான மதிப்பெண் வகுப்பெடுக்கப் போதாமல் போகலாம். பேச்சுப் பகுதிக்கு மட்டும் உயர்ந்த வரம்பு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. அது நிறைவேறாவிட்டால் டி.ஏ. என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.
6. ஆர்.ஏ. என்றால் எந்த கிராண்ட், எப்போது முடிகிறது? பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் துறை பொறுப்பேற்குமா?

ஒப்பிட ஒரு உதாரணம். ‘அ’ துறை: 12 மாதத்துக்கு 34,000 டாலர், ஃபீஸும் காப்பீடும் அவர்கள் செலவு. ‘ஆ’ துறை: 9 மாதத்துக்கு 30,000, ஃபீஸ் 2,200 நம் செலவு, 3,600 டாலர் காப்பீட்டில் பாதி நம் செலவு. மேலோட்டமாக 4,000 டாலர்தான் வித்தியாசம். கழித்துப் பார்த்தால் ‘ஆ’வில் கைக்கு வருவது 26,000, 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 2,166. ‘அ’வில் 2,833. வருடத்துக்கு எட்டாயிரம் டாலர் வித்தியாசம். ‘ஆ’வில் கோடைக்கால ஆர்.ஏ. நிச்சயம் என்றால் இது தலைகீழாகலாம். அதை அந்தத் துறையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் நிஜம் தெரியும்.

வருமான வரியும் பணப்பையைப் பொறுத்து மாறும். எஃப்-1 மாணவர்களுக்கு ஃபெலோஷிப் பணத்தில் 14 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பது வழக்கமான விகிதம், டி.ஏ., ஆர்.ஏ. சம்பளத்துக்குச் சம்பளக்காரர் அட்டவணைப்படி பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் வரிப்படிவத்திலும் ‘ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்’ என்ற நிலையான தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பல நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை.

எப்போது எழுதலாம், யாருக்கு?

மார்ச் முதல் வாரத்துக்கு முன் ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்று கேட்பதால் பயனில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு மின்னஞ்சல், அதுவும் பேராசிரியருக்கு அனுப்பாமல் துறையின் கிராஜுவேட் ஒருங்கிணைப்பாளருக்கு. பெயர், விண்ணப்ப எண், பிரிவு, கேள்வி: நாலு வரி போதும். வேறு இடத்தில் ஆஃபர் கையிலிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், மிரட்டலாக அல்லாமல் தேதியாக: ‘எனக்கு இன்ன தேதிக்குள் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, உங்கள் துறையே என் முதல் விருப்பம், அதற்குள் முடிவு தெரிய வாய்ப்புண்டா?’ முதல் விருப்பம் என்பது உண்மையாக இருந்தால் மட்டும். வெயிட்லிஸ்ட் அறிவிப்பு வந்தால் அன்றே ‘அழைத்தால் வருவேன்’ என்று பதில் போடவேண்டும். ஈல்டைக் கணக்கிடும் துறைக்கு, வரப்போகிறவர் யார் என்ற தகவல்தான் தேவை. புதிய கட்டுரை வெளியானால் தெரிவிக்கலாம். ஏழாம் செமஸ்டரில் சிஜிபிஏ 8.71-லிருந்து 8.74 ஆனதைச் சொல்லவேண்டியதில்லை.

பேராசிரியர் ‘இரண்டு வாரத்தில் சொல்’ என்று நெருக்கினால், தீர்மானத்தை மேற்கோள் காட்டிச் சண்டைக்குப் போகாமல், ஏப்ரல் 15 வரை அவகாசம் எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும் அதற்கு முன்பே முடிவு சொல்ல முயல்வதாகவும் எழுதினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொன்று: எந்த நேரத்திலும் இரண்டு ஆஃபருக்கு மேல் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது வந்ததும், மூன்றில் போகமாட்டோம் என்று தெரிந்ததை அன்றே மறுத்துவிட்டால், அந்த இடம் பெரும்பாலும் அதே பிரிவில் காத்திருக்கும் இன்னொருவருக்கு மார்ச்சிலேயே போகும். ஏப்ரல் 14 இரவு மறுத்தால் அவருக்கு யோசிக்க 24 மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

‘சரி’ சொன்ன பிறகு

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வழங்கும். அதில் ஓராண்டுச் செலவும், அதற்கான பணம் எங்கிருந்து என்பதும் இருக்கும். உத்தேசச் செலவைவிட ஸ்டைபெண்ட் குறைவாக இருந்தால் (ஒன்பது மாத ஆஃபர்களில் இது நடக்கும்) மிச்சத்துக்கு வங்கிக் கணக்கைக் காட்டவேண்டும். துணைவரையோ குழந்தையையோ அழைத்துச் செல்வதென்றால் அதற்கும் தனியாக. பிறகு செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், தூதரகத்தில் இன்டர்வியூ. விசாவைப் படிப்பு தொடங்கும் தேதிக்கு ஓராண்டு முன்பே வாங்கலாம். ஆனால் 30 நாளுக்கு முன் உள்ளே நுழையமுடியாது. 2025-இல் மே 27 முதல் ஜூன் 18 வரை புதிய மாணவர் விசா இன்டர்வியூ தேதிகளே கொடுக்கப்படவில்லை. மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். ஐ-20 வந்த வாரமே தேதிக்கு முயல்வதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை.

விசா 221(ஜி) என்ற கூடுதல் சரிபார்ப்பில் மாட்டி ஆகஸ்டைத் தாண்டினால், சேர்க்கையை ஜனவரிக்கோ அடுத்த ஆகஸ்டுக்கோ தள்ளிவைக்கத் துறை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சேர்க்கை தள்ளிப்போவதால் ஃபண்டிங்கும் கூடவே தள்ளிப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த டி.ஏ. வகுப்புக்கு ஆள் வேண்டும், அந்த கிராண்ட் இந்த ஆண்டில் செலவாக வேண்டும். சேர்க்கை, ஃபண்டிங் இரண்டும் அடுத்த ஆண்டுக்கும் உண்டு என்று தனித்தனியே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

எல்லாம் சரியாக நடந்து ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பரில்தான் கைக்கு வரும். அமெரிக்காவில் சம்பளம் வாங்குபவருக்கான அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கே போய் இறங்கிப் பத்து நாள் கழித்து விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, ஒரு மெத்தை, சாப்பாடு. ‘முழு ஃபண்டிங்’ உள்ளவரும் விமானம் ஏறும்போது ஆறு வாரச் செலவுக்குக் கையில் மூவாயிரம் டாலராவது வைத்திருக்கவேண்டும். டிக்கெட், விசா கட்டணங்கள் இதில் சேராது.